அத்தியாயம் 7: வயல் பெயரும் புல எண்ணும்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு என்று வேலை ஓடுகிற இடம். மேசைகளில் நான்கு கணினிகள். மூலையில் ஒரு பழைய பெட்டி, அதில் லினக்ஸ். எல்லாருடைய கோப்புகளும் அதில்தான் கிடக்கின்றன. முகூர்த்த நாள் நெருங்கும் ஒரு காலையில், டிடிபி போடுகிற பெண் முதலாளியைக் கூப்பிடுகிறாள்: "அண்ணே, ஃபைல் தொறக்குது. ஆனா சேவ் ஆக மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

முதலாளிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: சிஎச்மாட் 777. சேவ் ஆகிவிட்டது. கூடவே, அந்தப் பெட்டியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைத் திருத்தலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. நேற்று இருந்த அனுமதி இன்று எங்கே போனது என்பதை இந்த அத்தியாயத்தின் பாதியில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் சி மொழி நூலகம் ஒன்றின் இரண்டு ஃபங்ஷன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட், ஏசிஎல்_டு_டெக்ஸ்ட். முன்னது, எழுத்தில் உள்ள அனுமதிப் பட்டியலைக் கணினி வைத்துக்கொள்ளும் வடிவுக்கு மாற்றுகிறது. பின்னது அதைத் திரும்ப எழுத்தாக்குகிறது. (கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் ஒலிக்கிறபடி இங்கே தமிழில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

யூனிக்ஸின் பழைய ஏற்பாடு மிகச் சிக்கனமானது. ஒரு கோப்புக்கு உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று, அப்புறம் மற்ற எல்லாரும். இந்த மூன்று பேருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று மூன்று அனுமதிகள், ஆக ஒன்பது பிட். 640 என்று போட்டால் உரிமையாளர் படித்து எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பல்கலைக்கழகக் கணினிக்கூடத்துக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால், "குழுவில் எல்லாரும் படிக்கட்டும், அவர்களில் இந்த ஒருவர் மட்டும் திருத்தட்டும்" என்று சொல்ல இந்த ஒன்பது பிட்டில் இடமே இல்லை. அதற்காக வந்ததுதான் ஏசிஎல் எனப்படும் அனுமதிப் பட்டியல்.

உதாரணத்துக்கு ஆட்கள் வேண்டும். வத்தலக்குண்டுக்கு எழுத்தாளர்கள் விஷயத்தில் என்றும் பஞ்சமில்லை. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் இங்கே 1872-இல் பிறந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884-இல். மணிக்கொடியை நடத்திய பி.எஸ். ராமையா 1905-இல். 1912-இல் பிறந்து இந்த ஊரில் வளர்ந்த சி.சு. செல்லப்பா, 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். நால்வரும் ஒருநாளும் ஓர் அறையில் கூடியிருக்க முடியாது. ராஜம் ஐயர் 1898-லேயே, இருபத்தாறு வயதில் போய்விட்டார். கணினியில் கூட்டிவிடலாம். அந்த மூலைப் பெட்டியில் பிறந்த வரிசைப்படி நால்வருக்கும் கணக்கு தொடங்கினால், டெபியன் வழி லினக்ஸில் சாதாரணப் பயனர் எண் 1000-இல் ஆரம்பிப்பதால் ராஜம் 1000, சிவா 1001, ராமையா 1002, செல்லப்பா 1003. குழுவுக்குப் பெயர் 'எழுத்து'. கோப்பின் பெயர் 'கமலாம்பாள்', உரிமையாளர் ராஜம். குழுவினர் படிக்கலாம். ராமையா பத்திரிகாசிரியர், ஆகவே அவருக்கு மட்டும் திருத்தவும் அனுமதி உண்டு. ஒருவரை முற்றிலும் தடுத்து வைக்கிற உதாரணமும் இந்த இடத்தில் தரலாம்தான். ஆனால் சிவா ஆங்கிலேயர் காலத்தில் பட்டது போதும், அவரை இங்கேயும் பூட்ட வேண்டாம்.

மேலே சொன்ன ஏற்பாட்டை எழுத்தில் வைத்தால் இப்படி வரும்:

யூசர்::ஆர்டபிள்யூ-
யூசர்:ராமையா:ஆர்டபிள்யூ-
குரூப்::ஆர்--
மாஸ்க்::ஆர்டபிள்யூ-
அதர்::---

ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதி, நடுவே முக்காற்புள்ளி. முதலாவது, யார் என்கிற வகை. இரண்டாவது, பெயர், அது காலியாக இருந்தால் கோப்பின் உரிமையாளர் அல்லது கோப்பின் குழு. மூன்றாவது, அனுமதி; அதற்கு மூன்று இடம், இல்லாத அனுமதிக்கு ஒரு சிறு கோடு. வரிகளைத் தனித்தனியாக எழுதலாம், காற்புள்ளி போட்டு ஒரே வரியிலும் எழுதலாம். யூசர் என்பதை யூ என்றும் குரூப் என்பதை ஜி என்றும் சுருக்கலாம். நம்பர் குறி போட்டால் அதிலிருந்து வரி முடியும்வரை குறிப்புரை, கணினி அதைப் படிக்காது.

ஆங்கில எழுத்தில் அடித்து எண்ணிப் பார்த்தால் இந்த ஐந்து வரியும் 59 பைட். ஆனால் வட்டில் இது இப்படி எழுதப்படுவதில்லை. லினக்ஸ் கெர்னலிடம் இது போகும்போது தலைப்புக்கு 4 பைட், பதிவு ஒன்றுக்கு 8 பைட்: வகைக்கு 2, அனுமதிக்கு 2, பயனர் எண்ணுக்கு 4. ஐந்து பதிவுக்கு மொத்தம் 44 பைட். அதில் எங்கே தேடினாலும் ராமையா என்ற பெயர் கிடைக்காது. 1002 என்ற எண்தான் இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. ஊரில் எல்லாரும் 'ஆலமரத்து வயல்' என்கிறார்கள். பத்திரத்தில் ஆலமரம் இராது, புல எண்ணும் உட்பிரிவும்தான் இருக்கும். இந்த வயலுக்கு அந்த எண் என்று சொல்லத் தெரிந்தவர், அந்தக் காலத்தில், ஊர்க் கணக்குப்பிள்ளை. ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட் செய்வது அந்தக் கணக்குப்பிள்ளை வேலையைத்தான். சரத்தில் ராமையா என்று வந்தால், அந்தக் கணினியின் பயனர் பதிவேட்டைப் புரட்டி எண்ணைத் தேடி எடுக்கிறது. பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லையென்றால் மாற்றம் மொத்தமும் தோற்கிறது. நல் பாயின்டர் திரும்பி வரும், எர்நோவில் ஈஇன்வால் இருக்கும். எழுத்துப்பிழைக்கும் இதே ஈஇன்வால்தான், இல்லாத ஆளுக்கும் இதே ஈஇன்வால்தான். எந்த வரியில் கோளாறு என்று அது சொல்லாது. புதிதாக எழுதுகிறவர்கள் அரைநாள் முழிக்கிற இடம் இது. நீண்ட பட்டியல் தோற்றுவிட்டால் வரி வரியாகப் பிரித்துத் தனித்தனியே மாற்றிப் பார்ப்பதுதான் கண்டுபிடிக்க எளிய வழி.

திரும்பி வரும்போது பதிவேட்டில் ஆள் இல்லாவிட்டாலும் ஏசிஎல்_டு_டெக்ஸ்ட் தோற்பதில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்ணை எழுதிவிட்டுப் போகிறது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கியிருந்தால், பட்டியலில் 1002 என்று ஓர் அநாதை எண் நிற்பதைப் பார்க்கலாம். நாளைக்கு அதே எண்ணில் புதிய ஒருவருக்குக் கணக்கு திறந்தால், பழையவரின் அனுமதி அப்படியே புதியவருக்குப் போய்ச் சேரும். கணக்கை நீக்குவதற்கு முன் அவர் பெயரில் உள்ள பதிவுகளை நீக்குவது நல்ல பழக்கம்.

இனிச் செய்முறை. பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கும் முகம் தெரிந்த ஒன்று. அதிலோ, டெபியன், உபுண்டுவிலோ லிப்ஏசிஎல்1-டெவ் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். நிரலின் தலையில் சிஸ் கோப்புறையிலுள்ள ஏசிஎல்.ஹெச் கோப்பைச் சேர்க்க வேண்டும். கம்பைல் செய்யும்போது கடைசியில் -எல்ஏசிஎல் என்று போட வேண்டும். இதை மறந்தால், இருக்கிற ஃபங்ஷனையே இல்லை என்று லிங்க்கர் சாதிக்கும்.

நிரலுக்குள் வேலை நான்கு எட்டு. சரத்தை ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட்டிடம் கொடுத்து, அது தரும் ஏசிஎல்_டி வகைப் பொருளை வாங்கிக்கொள்வது. அது நல் இல்லை என்று பார்ப்பது. ஏசிஎல்_வேலிட் கொண்டு அதைச் சோதிப்பது. பிறகு ஏசிஎல்_செட்_ஃபைல் மூலம் கோப்பின் மேல் ஏற்றுவது.

மூன்றாவது எட்டைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். மாற்றம் வெற்றி என்பதற்கு, பட்டியல் சரி என்று பொருளில்லை. மேலே உள்ள ஐந்து வரியில் மாஸ்க் வரியை எடுத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட் மறு பேச்சில்லாமல் மாற்றித் தரும், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனித்தனியே ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோப்பின் மேல் ஏற்றும்போது கெர்னல் ஈஇன்வால் என்று திருப்பி அனுப்பும். பெயர் குறிப்பிட்ட ஒரு பதிவு இருந்தால் மாஸ்க் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. கையால் எழுத மறந்தால், ஏசிஎல்_கால்க்_மாஸ்க் என்ற ஃபங்ஷன் அதைக் கணக்கிட்டுச் சேர்த்துவிடும். பட்டியலை மாற்றும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. அந்தக் கட்டளை மாஸ்க்கைத் தானாகவே போட்டுக்கொள்கிறது.

நினைவக விஷயம் ஒன்று. ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட், ஏசிஎல்_டு_டெக்ஸ்ட் இரண்டும் தருவதைத் திருப்பிக் கொடுக்க ஏசிஎல்_ஃப்ரீ என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஏசிஎல்_டு_டெக்ஸ்ட் தருவது பார்வைக்குச் சாதாரணச் சரம்தான், ஆனால் அந்தச் சரத்துக்கு முன்னால் நூலகம் தன் கணக்குக்காகச் சில பைட்டுகளை வைத்திருக்கிறது. வழக்கமான ஃப்ரீ கொண்டு அதை விடுவித்தால் நிரல் குப்புற விழும்.

மாஸ்க் என்றால் என்ன என்று இன்னும் சொல்லவில்லை. காலையில் தொலைந்த அனுமதி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. பெயர் குறிப்பிட்ட பயனர்கள், கோப்பின் குழு, பெயர் குறிப்பிட்ட குழுக்கள் ஆகிய எல்லாருக்கும் மேலே போட்ட கூரை அது. ராமையாவுக்குத் தன் வரியில் என்ன இருந்தாலும், கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் நிமிரலாம். மாஸ்க் படிக்க மட்டும் என்றால் ராமையாவும் படிக்கத்தான் முடியும். உரிமையாளரும் மற்றவர்களும் இந்தக் கூரைக்குக் கீழே வருவதில்லை.

பட்டியல் உள்ள கோப்பில் சிஎச்மாட் செய்தால் நடுவில் உள்ள இலக்கம் குழுவைத் தொடாது, மாஸ்க்கைத் தொடும். பழைய நிரல்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. பட்டியல் என்று ஒன்று இருப்பதே தெரியாத நிரல் 600 என்று போட்டால், உரிமையாளரைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்றுதானே அதற்கு அர்த்தம்? மாஸ்க் மூடிவிட்டால் அந்த எண்ணம் நிறைவேறிவிடும்.

நம் அச்சகத்தில் நடந்தது இதுதான். டிடிபி பெண் ராமையாவின் கணக்கில் வேலை செய்கிறாள். முந்தின நாள் மாலை, யாரோ பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று அந்தக் கோப்புக்கு 640 போட்டுவிட்டார்கள். 4 என்பது மாஸ்க்கில் போய் உட்கார்ந்தது. ராமையாவின் வரி பட்டியலில் அப்படியே இருக்கிறது, படிக்க எழுத என்றுதான் இருக்கிறது. பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அந்த வரியின் ஓரத்தில் எஃபெக்டிவ் என்று ஒரு குறிப்புரை, உண்மையில் கிடைப்பது படிப்பு மட்டும் என்று சொல்லும். கோப்பு திறந்தது, சேவ் ஆகவில்லை. சரியான மருந்து மாஸ்க்கை மறுபடி உயர்த்துவது: செட்எஃப்ஏசிஎல் -எம் எம்::ஆர்டபிள்யூ. முதலாளி போட்ட 777 கூரையைத் தூக்கியதோடு வெளிக்கதவையும் கழற்றி வைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஃப்ரம்_டெக்ஸ்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது: எஃபெக்டிவ் என்பது வெறும் குறிப்புரை. கெட்எஃப்ஏசிஎல் தந்ததைக் கோப்பில் சேமித்து, மறுபடி ஃப்ரம்_டெக்ஸ்ட்டிடம் கொடுத்தால் குறிப்புரையை அது கண்டுகொள்ளாது. மாஸ்க் வரியும் கூடவே வந்தால் ஒன்றும் கெடாது. அந்த ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டு மாஸ்க்கைப் புதிதாகக் கணக்கிடச் சொன்னால், முந்தைய கட்டுப்பாடு காணாமல் போய், எல்லாருக்கும் தங்கள் வரியில் உள்ளது முழுதாகக் கிடைத்துவிடும்.

ஒரு சின்ன வரலாறு. இந்த ஃபங்ஷன்கள் பாசிக்ஸ் 1003.1இ என்ற வரைவிலிருந்து வந்தவை. அதன் பதினேழாம் வரைவு 1997 அக்டோபரில் வந்தது. அதோடு சரி, அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆக, இவை அதிகாரபூர்வமான தரமாக ஒருநாளும் ஆகவில்லை. ஆனாலும் லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் அந்த வரைவையே எடுத்துக்கொண்டன. லினக்ஸில் ஆந்திரியாஸ் குரூன்பாகர் முன்னின்று செய்த வேலை 2002-இல் கெர்னலுக்குள் சேர்ந்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பிலிருந்து எல்லாருக்கும் கிடைத்தது. பதிவாகாமல் போன பத்திரத்தை வைத்துக்கொண்டு ஊரே குடியிருக்கிற கதை.

தரமாகாததால் ஒவ்வொரு யூனிக்ஸும் ஒவ்வொரு வழியில் போனது. சோலாரிஸில் ஏசிஎல்ஃப்ரம்டெக்ஸ்ட், ஏசிஎல்டுடெக்ஸ்ட் என்று நடுவே அடிக்கோடு இல்லாத தனிப் பெயர்கள். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வகைப் பட்டியலை இன்னொரு வகையாக மாற்ற ஏசிஎல்எக்ஸ்_கன்வர்ட் என்ற ஃபங்ஷனைத் தன் சி நூலகத்திலேயே வைத்திருக்கிறது. அது கேட்பவை: எதிலிருந்து, அதன் அளவு, அதன் வகை; எதற்கு, அதற்கான இடம், அதன் வகை; கடைசியாகக் கோப்பின் பாதை. பாதை எதற்கு? மாற்றப்படுவது கோப்பின் பட்டியலா கோப்புறையின் பட்டியலா என்று அதற்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதே அனுமதிக்குக் கோப்பில் ஒரு பொருள், கோப்புறையில் வேறு பொருள். கட்டளை வரியில் இதே வேலையை ஏசிஎல்கன்வர்ட் செய்கிறது.

இந்த வகை மாற்றத்தில்தான் நிஜமான இழப்பு இருக்கிறது. கணினிகள் வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் முறையான என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்புப் பட்டியலில் 'அனுமதி' பதிவும் உண்டு, 'மறுப்பு' பதிவும் உண்டு. அவை வரிசைப்படி பார்க்கப்படும், எது முதலில் வருகிறது என்பது முக்கியம். லினக்ஸின் பட்டியலில் மறுப்பு என்று தனிப் பதிவு கிடையாது. 'எழுதுதல்' என்ற ஒரே அனுமதியை என்எஃப்எஸ் பட்டியல் துண்டு துண்டாக உடைத்து வைத்திருக்கிறது. உள்ளதைத் திருத்துவது ஒன்று, கடைசியில் சேர்ப்பது வேறொன்று. கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளலாம். பையன் இன்றைய வரவைக் கடைசி வரிக்குக் கீழே எழுதலாம், போன மாதக் கணக்கில் கை வைக்கக் கூடாது. என்எஃப்எஸ் பட்டியலில் இதைச் சொல்ல முடியும். லினக்ஸின் மூன்று எழுத்தில் சொல்ல முடியாது. மாற்றினால் ஒன்று பையனுக்கு முழுப் பேரேடும் கிடைக்கும், அல்லது அன்றைய வரவைக்கூட எழுத முடியாமல் போகும். ஃபங்ஷன் வெற்றி என்று சொன்னாலும் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் விடக் கூடாத இடம் இது. ஒரு வகையிலிருந்து மாற்றி, அதைத் திரும்ப மாற்றி, முதலில் இருந்ததோடு ஒப்பிட்டால் எது தொலைந்தது என்று தெரியும். லினக்ஸுக்குள்ளேயே இப்படிச் சோதிக்க ஏசிஎல்_சிஎம்பி உதவும். இரண்டு பட்டியலும் ஒன்று என்றால் 0, வேறு என்றால் 1.

மூலைப் பெட்டி ஒருநாள் உயிரை விடும். அதற்கு முன்னால் புதிய பெட்டிக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பென்டிரைவில் நகலெடுப்பது அச்சகங்களின் வழக்கம். ஃபேட் வகை பென்டிரைவில் பட்டியலுக்கு இடமே இல்லை, அதைத் தாண்டியதும் ஐந்து வரியும் மறைந்துவிடும். டார் கட்டளையை --ஏசிஎல்ஸ் சேர்த்துப் பயன்படுத்தலாம், ஆர்சிங்க் என்றால் -ஏ (இது பெரிய எழுத்து). பட்டியலை மட்டும் தனியாக எடுத்துவைக்க கெட்எஃப்ஏசிஎல் -ஆர் (இதுவும் பெரிய எழுத்து), திரும்ப ஏற்ற செட்எஃப்ஏசிஎல் --ரெஸ்டோர்.

இங்கே பழைய கணக்குப்பிள்ளை விவகாரம் மறுபடி தலைகாட்டும். புதிய பெட்டியில் கணக்கு தொடங்குகிறவர் அவசரத்தில் செல்லப்பாவை மூன்றாவதாகவும் ராமையாவை நான்காவதாகவும் சேர்த்துவிட்டால், இப்போது 1002 செல்லப்பா. பெயரோடு எடுத்த பட்டியல் என்றால் புதிய பதிவேட்டைப் பார்த்து ராமையாவுக்கு 1003 என்று சரியாக எழுதிக்கொள்ளும். எண்ணாக எடுத்திருந்தால், அதாவது கெட்எஃப்ஏசிஎல்லில் -என் போட்டிருந்தாலோ, ஆர்சிங்க்கில் --நியூமெரிக்-ஐடிஸ் போட்டிருந்தாலோ, ராமையாவின் பேனா செல்லப்பா கைக்குப் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஆகவே புதிய பெட்டியில் முதலில் பயனர்களை உருவாக்கிவிட்டு, அதன் பிறகே பட்டியலை ஏற்ற வேண்டும். பழைய பயனர் பதிவேட்டின் ஒரு நகலையும் பட்டியல் நகலோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் செல்லப்பாவின் கணக்கில் உள்ளே போய் 'கமலாம்பாள்' கோப்பில் ஒரு வரி சேர்த்துச் சேமித்துப் பாருங்கள். அனுமதி இல்லை என்று வர வேண்டும். அடுத்து ராமையாவின் கணக்கில் அதே வரி. அது சேவ் ஆனால், டிடிபி பெண் நாளைக் காலை வேலையைத் தொடங்கலாம்.